நாய்க்கு அனுமதிப்பத்திரம்! பிள்ளைக்கு வெறுங் கையெழுத்தா?

இங்கிலாந்திலே ஒருவர் பிறருடைய நாயைக் கூலிக்குத் தம் வீட்டில் வைத்துப் பராமரிக்க விரும்பினால், முதலில் அவர் உள்ளூராட்சி மன்றத்தின் படியேற வேண்டும். 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த விலங்கு நல ஒழுங்குவிதிகள் அவ்வாறு கட்டளையிடுகின்றன. பரிசோதகர் வீட்டுக்கு வருவார். நாய் படுக்கும் இடத்தைப் பார்ப்பார். அது உலாவும் முற்றத்தைப் பார்ப்பார். எல்லாம் ஒழுங்காயிருப்பின் அனுமதிப்பத்திரம் வழங்கப்படும். அனுமதிப்பத்திரம் இன்றி அத்தொழிலை நடத்துவது குற்றம். அவ்வாறே, எட்டு வயது நிரம்பாத குழந்தையை நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊதியம் பெற்றுத் தம் வீட்டில் பராமரிக்கும் பெண்மணியும் பதிவேட்டில் தம் பெயரைப் பதிந்தாக வேண்டும்.

இவற்றை நாம் குறை கூறவில்லை. வாயில்லாச் சீவனுக்கும், வாயிருந்தும் முறையிட அறியாத மழலைக்கும் சட்டம் காவல் நிற்பது நாகரிகத்தின் அடையாளமேயாகும். நாம் கேட்பது வேறு. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் ஹொங்கொங்கிலிருந்து வந்த பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றை, பாடசாலையின் இடைத்தவணை விடுமுறையின்போது, முன்பின் அறியாத ஒரு குடும்பம் கூலி பெற்றுத் தன் வீட்டில் தங்கவைக்கிறது. அந்த வீட்டுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டுமா? வேண்டாம். அக்குடும்பத்தைத் தெரிந்தெடுத்த நிறுவனத்துக்கேனும் அனுமதிப்பத்திரம் வேண்டுமா? அதுவும் வேண்டாம். நாய்க்கு ஒரு நீதி, பிள்ளைக்கு ஒரு நீதி என்று சொல்வது வழக்கம். இங்கே பிள்ளைக்கு நாயின் நீதிதானும் இல்லையே என்று சொல்ல வேண்டியிருக்கிறது!

பாதுகாவலர் என்பவர் யார்?

பெற்றோர் தம் நாட்டில் இருக்க, தாம் மட்டும் பிரித்தானியாவுக்கு வந்து தனியார் பாடசாலைகளிற் கற்கும் பிறநாட்டுப் பிள்ளைகள் இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர். சீனாவும் ஹொங்கொங்கும் இவ்வரிசையில் முன்னிற்கின்றன. ஆபிரிக்காவிலிருந்தும் ஐரோப்பாக் கண்டத்திலிருந்தும் நமது தெற்காசியாவிலிருந்தும் பிள்ளைகள் செல்கின்றனர். இவர்களுக்கெனப் பிரித்தானிய உள்நாட்டமைச்சு ஒரு தனி வீசாவை வகுத்துள்ளது. நான்கு வயது முதல் பதினேழு வயது வரையுள்ளோர் அதற்கு விண்ணப்பிக்கலாம். அந்த வீசாவைக் கொண்டு அரசாங்கப் பாடசாலையிற் சேர முடியாது. கட்டணப் பாடசாலையே கதி. தங்கிப் படிக்கும் பிள்ளைக்கான கட்டணம் சராசரி ஆண்டொன்றுக்கு நாற்பதாயிரம் பவுணுக்கு மேற்பட்டது.

இவ்வளவு பெருந்தொகையைப் பெற்ற பாடசாலை பிள்ளையை ஆண்டு முழுவதும் வைத்திருக்கிறதா? இல்லை. தவணைக்கு நடுவே ஒரு வாரமோ இரு வாரமோ விடுதியின் கதவு அடைபடும். சில வாரங்களுக்கு ஒருமுறை வார இறுதியிலும் பிள்ளைகள் வெளியே அனுப்பப்படுவர். அதற்கு ‘எக்சியட்’ என்று லத்தீனிலே பெயர் சூட்டியிருக்கிறார்கள். ‘வெளியே செல்லலாம்’ என்பது அதன் பொருள். வெளியே செல்லலாம், சரி, எங்கே செல்வது? இலண்டனில் வீடுள்ள பிள்ளை வீட்டுக்குப் போகும். கடல் கடந்து வந்த பிள்ளை எங்கே போகும்?

இங்கேதான் ‘கல்விப் பாதுகாவலர்’ என்பவர் மேடைக்கு வருகிறார். பிள்ளைக்கு நள்ளிரவிற் காய்ச்சல் கண்டால் அழைக்கப்படுபவர் அவர். ஒழுக்கக் குற்றத்துக்காகப் பிள்ளையைப் பாடசாலை சில நாட்களுக்கு வெளியேற்றினால் ஏற்றுக்கொள்ள வேண்டியவர் அவர். விமானம் தவறினாற் படுக்கை கொடுப்பவரும், பெற்றோர் கூட்டத்திலே பெற்றோரின் கதிரையில் அமர்பவரும் அவரே. ஆகவே, பாதுகாவலர் இல்லாத பிறநாட்டுப் பிள்ளையைப் பெரும்பாலான விடுதிப் பாடசாலைகள் ஏற்பதில்லை.

பெயர் பெரிது, ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? நீதிமன்றம் நியமிக்கும் சட்டக் காவலர் வேறு, இவர் வேறு. பெற்றோரின் சட்டப் பொறுப்பு பெற்றோரிடமே இருக்கிறது. இவரிடம் இருப்பது பெற்றோர் ஒப்பமிட்ட ஒரு கடிதமும், ஒரு கட்டணச் சிட்டையுமே. அவர் உறவினராயிருக்கலாம், குடும்ப நண்பராயிருக்கலாம், நூற்றுக்கணக்கான பிள்ளைகளைத் தன் பேரேட்டிற் பதிந்துகொண்டு, ஊர் ஊராக வீடு பிடித்து, இரவொன்றுக்கு இவ்வளவென்று கூலி பேசி அவர்களைப் பங்கிட்டு அனுப்பும் ஒரு நிறுவனமாகவும் இருக்கலாம். பெற்றோருக்குத் தரகரைத் தெரியும். தரகருக்கு நிறுவனத்தைத் தெரியும். நிறுவனத்துக்கு வீட்டைத் தெரியும். ஆனால், பெற்றோருக்கு அந்த வீட்டைத் தெரியாது! பிள்ளை உறங்கும் அறையின் கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் உண்டா, அவ்வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், இரவு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்பது பெற்ற தாய்க்குத் தெரியாது. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் பணம் கைமாறுகிறது; பொறுப்பு மட்டும் ஒரு கண்ணியிலும் தங்குவதில்லை.

கிப்ளிங்கின் சாட்சியம்

இது நேற்று முளைத்த தீங்கன்று. ஏகாதிபத்தியத்தின் பொற்காலத்திலே இந்தியாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர், தம் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கப்பலேற்றித் தாயகத்துக்கு அனுப்பினர். ஆசிய ஆபிரிக்க மக்கள் வெள்ளையன் தோளிலே சுமத்தப்பட்ட சுமை என்று 1899இல் பாடிய ருட்யார்ட் கிப்ளிங், அவ்வாறு அனுப்பப்பட்ட பிள்ளைகளுள் ஒருவர். பம்பாயிற் பிறந்த அவரை, 1871ஆம் ஆண்டு, ஆறு வயது நிறைவதற்கு முன்னரே, மூன்று வயதுத் தங்கையுடன் சவுத்சீ நகரில் ஒரு வீட்டிலே பெற்றோர் விட்டுச் சென்றனர். அவ்வீட்டாரை அவர்கள் முன்பு அறிந்தவரல்லர். பத்திரிகை விளம்பரத்தின் மூலமே பிடித்தனர். தாய் திரும்பி வந்து பிள்ளையை மீட்டது 1877இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தச் சிறுவன் பட்ட அடியும், நரகத்தைக் காட்டி அவனை வெருட்டிய வெருட்டும், 1888இல் அவர் எழுதிய ஒரு கதையிலும், அவர் இறந்தபின் 1937இல் வெளியான தன்வரலாற்றிலும் பதிவாகியுள்ளன.

நமக்கு அக்கொடுமையினும் முக்கியமானது வேறொன்று. அந்த ஆண்டுகளிலெல்லாம் சிறுவன் விடுமுறைக்குத் தாயின் தங்கை வீட்டுக்குச் சென்று வந்தான். அங்கே அன்புடன் நடத்தப்பட்டான். அங்கேயும் அவன் வாய் திறக்கவில்லை. ஏன் அப்பொழுதே சொல்லவில்லை என்று பின்னாளில் அவர் வினவியபோது கிப்ளிங் கூறிய விளக்கத்தின் சாரம் இதுதான்: விலங்குகளைப் போலவே பிள்ளைகளும் அதிகம் சொல்வதில்லை, தமக்கு நேர்வதே உலக நியதியென்று ஏற்றுக்கொண்டுவிடுகின்றன. உலகப் புகழ் பெற்று, 1907இல் நோபல் பரிசும் பெற்ற ஒருவருக்கே, தன் குழந்தைப் பருவத்தின் துன்பத்தை எடுத்துரைக்க அவ்வளவு காலம் தேவைப்பட்டது. மொழி தெரியாத, ஊர் தெரியாத, ‘பெற்றோர் இவ்வளவு பணம் செலவழிக்கிறார்களே, நாம் குறை சொல்லலாமா’ என்று குன்றிப்போன ஒரு சீனப் பிள்ளையோ நைஜீரியப் பிள்ளையோ யாரிடம் போய்ச் சொல்லும்? ‘முறைப்பாடு ஒன்றும் வரவில்லையே’ என்று அதிகாரிகள் ஆறுதல் அடைவார்களாயின், அந்த ஆறுதல் பிள்ளையின் மௌனத்திலிருந்து திருடிய ஆறுதலாகும்.

இருபத்தெட்டு நாட் சட்டம்

‘சட்டமே இல்லையென்று சொல்லலாமா? 1989ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் இருக்கிறதே!’ என்று சிலர் எழுந்து நிற்பர். இருக்கிறது. அதை எடுத்துப் படிப்போம்.

பதினாறு வயது நிரம்பாத பிள்ளையை, பெற்றோரோ நெருங்கிய உறவினரோ அல்லாத ஒருவர், இருபத்தெட்டு நாட்களோ அதற்கு மேலோ தம் வீட்டில் வைத்திருப்பாராயின், அது ‘தனியார் வளர்ப்பு’ எனப்படும். அதை உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். மன்றத்தின் சமூக சேவை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். பிள்ளையுடன் தனித்துப் பேசுவார். பதினாறு வயதுக்குக் குறைந்த மாணவர் விடுமுறையில் இரண்டு வாரத்துக்கு மேல் பாடசாலையிலேயே தங்கினாலும் இச்சட்டம் பாயும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் இடைத்தவணை விடுமுறை ஒரு வாரம். மிஞ்சினால் இரண்டு வாரம். வார இறுதி விடுமுறை இரண்டு இரவு. ஓராண்டில் இவற்றையெல்லாம் கூட்டினால் ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். ஆயினும் துண்டு துண்டாக வருவதனால் சட்டத்தின் கண்ணுக்கு அவை தெரிவதில்லை. இருபத்தேழு இரவு வரை சட்டம் உறங்கும். இருபத்தெட்டாம் நாள் விழித்துக்கொள்ளும்! தீங்கு செய்யும் எண்ணமுள்ளவனுக்கு ஓரிரவு போதாதோ? அன்றியும் பிள்ளைக்குப் பதினாறு வயது நிரம்பிவிட்டால் இந்தக் காவலும் அகன்றுவிடுகிறது. உயர்தர வகுப்புக்கென்றே பதினாறு வயதிற் கப்பலேறும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இச்சட்டம் ஏட்டுச் சுரைக்காய்.

இந்தச் சட்டமுந்தான் எவ்வாறு கூர்மை பெற்றது? ஒரு குழந்தையின் பிணத்தின் மீது நின்றே கூர்மை பெற்றது. ஐவரி கோஸ்ட் நாட்டுச் சிறுமி விக்டோரியா கிளிம்பியேயை, ஐரோப்பாவிற் கல்வி கற்பிப்பதாகச் சொல்லி, அவள் தந்தையின் அத்தை அழைத்துச் சென்றாள். பெற்றோர் நம்பி அனுப்பினர். 1999இல் அவள் இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டாள். அந்தப் பெண்ணின் மகளென்றே அதிகாரிகளுக்குக் காட்டப்பட்டாள். 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆந் திகதி, எட்டு வயதில் அச்சிறுமி இறந்தாள். உடலில் 128 காயங்கள் எண்ணப்பட்டன. அந்த அத்தையும் அவளுடன் வாழ்ந்த ஆடவனும் 2001இற் கொலைக் குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டனர். 2003 ஜனவரியில் லேமிங் பிரபு தம் விசாரணை அறிக்கையை வெளியிட்டார். சமூக சேவை அலுவலகம், வைத்தியசாலை, பொலிஸ் எனப் பல வாசல்களிலும் அவளைக் காப்பாற்றும் வாய்ப்பு வந்தும் தவறவிடப்பட்டதை அவ்வறிக்கை வெளிப்படுத்தியது. அதன்பின்னரே 2004ஆம் ஆண்டின் சட்டமும் 2005ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் தனியார் வளர்ப்பை அறிவிக்கும் ஏற்பாட்டை இறுக்கின.

விக்டோரியா விடுதிப் பாடசாலை மாணவியல்லள், ஏழைப் பிள்ளை. ஆயினும் அவளைக் கடல் கடக்கச் செய்தது ‘கல்வி’ என்ற அதே சொல். பெற்றோரின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில், அரசாங்கத்தின் கண்ணுக்கும் தப்பிய வீட்டில் அவள் இருந்தாள். அந்த இரண்டு நிபந்தனைகளும் இன்றைக்கும் எத்தனை வீடுகளிற் சேர்ந்திருக்கின்றன? ஒரு பிள்ளை இறந்த பின்னரே ஒரு வாசலுக்குப் பூட்டுப் போடுவதென்றால், மற்ற வாசல்களுக்குப் பூட்டுப் போட இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கேட்கிறார்கள்?

விசாரணைக் குழு சொன்ன பின்னருமா?

இது பிறநாட்டுப் பத்திரிகையின் பொருமலென்று யாரும் தள்ளிவிட வேண்டாம். இங்கிலாந்து வேல்ஸ் நாடுகளிற் சிறுவர் மீதான பாலியற் கொடுமையை ஆராய அந்நாட்டு அரசாங்கமே அமைத்த, பேராசிரியர் அலெக்சிஸ் ஜே தலைமையிலான சுதந்திர விசாரணைக் குழு, 2022 மார்ச்சில் விடுதிப் பாடசாலைகளைப் பற்றித் தன் அறிக்கையை வெளியிட்டது. பிறநாட்டு மாணவரின் கல்விப் பாதுகாவலருக்கு அனுமதிப்பத்திரமும் பதிவும் வேண்டும், அவர்களது குற்றப் பின்னணியும் தடைப் பட்டியலும் பார்க்கப்பட வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று. நாம் கேட்பதும் அதைத்தான்.

அதே ஆண்டு செப்டெம்பரில், இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளுக்கான குறைந்தபட்ச நியமங்கள் திருத்தப்பட்டு நடைமுறைக்கு வந்தன. பாதுகாவலரைப் பற்றி அவை தனியாகப் பேசின. பிள்ளையின் நலனுக்கு அந்த ஏற்பாடு ஏற்றதா என்று கவனிக்கும் கடமையைப் பாடசாலையிடம் வைத்தன. இது ஒரு படி முன்னேற்றமே, மறுக்கவில்லை. ஆனால் பாடசாலை ஓர் ஊரில். பாதுகாவலர் வீடு நூறு மைலுக்கு அப்பால் வேறோர் ஊரில். விடுதி ஆசிரியர் வீடு வீடாகச் சென்று பரிசோதிப்பாரா? அதற்கு அவருக்கு அதிகாரமுண்டா? அன்றியும், கட்டணப் பிள்ளையை இழக்க விரும்பாத பாடசாலை, அப்பிள்ளை வந்து சேர்ந்த வழியை எவ்வளவு கடுமையாக விசாரிக்கும்? நீதவானின் வேலையை வியாபாரியிடம் ஒப்படைத்துவிட்டு, நீதி நிலைநாட்டப்பட்டது என்று பறைசாற்றுவதா?

கொள்ளைநோய் வைத்த பரீட்சை

இந்த ஏற்பாட்டின் வலிமையை 2020ஆம் ஆண்டு பரீட்சித்துப் பார்த்தது. கொரோனா நோய் பரவிய அவ்வாண்டு மார்ச் 20ஆந் திகதியுடன் பிரித்தானியப் பாடசாலைகள் பெரும்பாலான மாணவருக்குத் தம் கதவுகளை அடைத்தன. விமானங்கள் அருகின. ஒரு வாரத்துக்கென்று பேசப்பட்ட வீடுகள் மாதக்கணக்கிற் பிள்ளையை வைத்திருக்க வேண்டிய நிலை எழுந்தது. நோய்க்கு அஞ்சிய வீட்டார் எத்தகைய வரவேற்புக் கொடுத்திருப்பர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். இறுதியில் ஏப்ரல் 2ஆந் திகதி, தனித்து நின்ற சீன மாணவர்களை அழைத்துச் செல்லச் சீன அரசாங்கமே இலண்டனுக்குத் தனி விமானம் அனுப்பியது.

தனி விமானம் அனுப்பும் வல்லமை வல்லரசுக்கு உண்டு. சிறிய நாட்டின் பிள்ளைக்கு யார் விமானம் அனுப்புவார்? ஏற்பாடுகள் எல்லாம் சரியாகவே உள்ளன என்று கூறுவோர், அந்த வசந்த காலத்திலே பிள்ளையை மீட்க ஓர் அரசாங்கம் தலையிட வேண்டியிருந்தது ஏன் என்பதற்கு விடை கூறட்டும்.

மூன்று சாக்குகள்

மாற்றத்தை எதிர்ப்போர் வழக்கமாக மூன்று சாக்குச் சொல்கின்றனர்.

முதலாவது சாக்கு: ‘தொழிலில் உள்ளோரே தம்மைத் தாம் ஒழுங்குபடுத்துகின்றனர்.’ 1994இல் நிறுவப்பட்ட ஏஜிஸ் என்னும் சங்கம் பாதுகாவலர் நிறுவனங்களைப் பரிசோதித்துத் தகுதிச் சான்று வழங்குகிறது. விடுதிப் பாடசாலைகளின் சங்கமும் பின்னர் ஒரு சான்றிதழ்த் திட்டத்தைத் தொடங்கியது. இவற்றில் உழைப்போரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் இவை விரும்பினாற் சேரும் சங்கங்கள். நல்லவன் தானாக வந்து பரிசோதனைக்கு நிற்பான். தீயவன் வருவானா? திருடன் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று தன் பெயரைப் பதிந்ததாக எங்கேனும் கேட்டதுண்டா? யாரைத் தடுக்க வேண்டுமோ அவரைத் தவிர ஏனைய எல்லாரையும் பரிசோதிக்கும் முறை எவ்வளவு நேர்த்தியானதாயினும் முறையாகாது.

இரண்டாவது சாக்கு: ‘பதிவும் பரிசோதனையும் பெருஞ் செலவு.’ செலவு யாருக்கு? இந்தப் பிள்ளைகளின் வீசாவுடன், ஆண்டொன்றுக்கு இவ்வளவென்று உடல்நலக் கட்டணமும் அறவிடப்படுகிறது. 2024 பெப்ரவரியில் அது 776 பவுணாக உயர்த்தப்பட்டது. 2025 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து தனியார் பாடசாலைக் கட்டணத்தின் மீது நூற்றுக்கு இருபது வீதம் பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. நாற்பதாயிரம் பவுண் கட்டணத்துக்கு எண்ணாயிரம் பவுண் வரி. பிள்ளை ஒன்றுக்கு எண்ணாயிரம் பவுண் வாங்கும் கைக்கு, அப்பிள்ளை உறங்கும் வீட்டைச் சென்று பார்க்கப் பரிசோதகர் ஒருவரை அனுப்பப் பணமில்லையா? பந்திக்கு முந்துகிறார்கள், பொறுப்பென்றால் பிந்துகிறார்கள்.

மூன்றாவது சாக்கு, மூன்றிலும் இழிந்தது: ‘இது பணக்காரரின் பிரச்சினை, அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.’ உழைப்பாளி மக்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்வோரும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: பணக்காரப் பெற்றோர் உண்டு, பணக்காரப் பிள்ளை என்று ஒரு பிள்ளை இல்லை. பூட்டிய அறைக்குள் அஞ்சி நடுங்கும் பிள்ளையின் கையில் தகப்பனின் வங்கிக் கணக்கு இருப்பதில்லை. மேலும், நாற்பதாயிரம் பவுண் கொடுப்போரின் பிள்ளைக்கே காவல் செய்யாத சட்டம், காசில்லாதவன் பிள்ளைக்கு எவ்வாறு காவல் செய்யும்? விக்டோரியாவின் கதை அதற்கு விடை.

நம்மவர் கவனத்துக்கு

இலண்டனில் வாழும் நம் உறவினரிடம் பிள்ளையை ஒப்படைத்துப் படிக்கவைக்க எண்ணும் பெற்றோர் நம்மிடையேயும் உளர். அவர்களுக்கு ஒரு வார்த்தை.

பெரியம்மா வீட்டிலே நின்று படிப்பதும், மாமா வீட்டிலே நின்று படிப்பதும் நமக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிலும் கொழும்புக் கல்லூரிகளிலும் கற்ற எத்தனையோ பேர் அவ்வாறு வளர்ந்தவரே. அந்த வழக்கம் பெரும்பாலும் பழுதின்றி நடந்ததற்குக் காரணம், நம்மவரெல்லாம் உத்தமர் என்பதன்று. அயலட்டை பார்த்துக்கொண்டிருந்தது, கோயிலிலும் சந்தையிலும் பிள்ளையைக் கண்டவர்கள் அதன் முகம் வாடியிருந்தாற் கேட்டார்கள், ‘தமக்கையின் பிள்ளையை இப்படி வைத்திருக்கிறாளே’ என்ற ஊர்ப்பேச்சுக்கு வீட்டார் அஞ்சினார்கள். எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அதற்கு ஊர் முழுவதும் பரிசோதகர். இலண்டனின் அடைத்த கதவுகளுக்குப் பின்னால் அந்த ஊர் இல்லை. ஆகவே அங்கே எழுதிய சட்டம் வேண்டும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும் நமக்குச் சித்தப்பாதான். ஆங்கிலச் சட்டத்துக்கு அவர் சித்தப்பா அல்லர். பாட்டன், பாட்டி, கூடப்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தார், அவர்தம் வாழ்க்கைத் துணை, மாற்றாந் தாய் தந்தை ஆகியோர் வரையே அச்சட்டம் உறவினரென்று கொள்கிறது. அதற்கு அப்பாற்பட்ட ஒருவரின் வீட்டில் பதினாறு வயது நிரம்பாத பிள்ளை இருபத்தெட்டு நாட்களோ அதற்கு மேலோ தங்குமாயின், ஆறு வாரத்துக்கு முன்னரே உள்ளூராட்சி மன்றத்துக்கு அறிவித்தாக வேண்டும், அறிவியாமை குற்றம். ‘நம் குடும்ப விடயத்தில் வெள்ளைக்கார அலுவலருக்கு என்ன வேலை?’ என்று சீறுவோர் சற்றே நிதானிக்கட்டும். நல்ல மனத்தோடு பிள்ளையை வைத்திருப்பவருக்கு அலுவலரின் வருகை இழுக்கன்று; அது அவருடைய நேர்மைக்கு ஒரு சாட்சி.

பாதுகாவலர் நிறுவனத்தை நாடும் பெற்றோர், அழகிய படங்கள் அச்சிட்ட புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, சில கேள்விகளைக் கேட்கட்டும். பிள்ளை தங்கப்போகும் வீடு எது? அதில் வயது வந்தோர் எத்தனை பேர்? ஒவ்வொருவருடைய பின்னணியும் பார்க்கப்பட்டதா? அவ்வீட்டைக் கடைசியாக யார் எப்பொழுது சென்று பார்த்தார்? நள்ளிரவில் அழைத்தால் யார் பதில் சொல்வார்? அப்பாடசாலையை நமக்குச் சொன்ன தரகருக்கும் இந்த நிறுவனத்துக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டா? இக்கேள்விகளுக்கு முகங்கோணும் நிறுவனத்திடம் பிள்ளையை ஒப்படையாதீர்கள். கோழி வாங்கும்போது தூக்கிப் பார்த்து வாங்குகிறோம். பிள்ளையைக் கொடுக்கும்போது பாராமற் கொடுப்பதா?

நாம் கேட்பவை

பெற்றோரின் விழிப்பு வேண்டியதே. ஆனால் பெற்றோரின் விழிப்பைக் காட்டி அரசாங்கம் உறங்கக்கூடாது. பெய்ஜிங்கிலோ கொழும்பிலோ இருக்கும் தாய், இங்கிலாந்தின் ஒரு சிற்றூரிலுள்ள வீட்டைச் சென்று பார்க்க முடியாது. பார்க்கக்கூடியது அந்நாட்டு அரசாங்கம் ஒன்றே. ஆதலால் நாம் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: கூலி பெற்றுப் பிறநாட்டு மாணவருக்குப் பாதுகாவலராயிருக்கும் ஒவ்வொருவருக்கும், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சட்டப்படியான அனுமதிப்பத்திரம் வேண்டும். அது முதல் இரவிலிருந்தே செல்லவேண்டும். இருபத்தெட்டாம் நாள் வரை காத்திருக்கக்கூடாது.

இரண்டு: பிள்ளை தங்கும் வீட்டிலுள்ள வயது வந்தோர் அனைவரது குற்றப் பின்னணியும் பார்க்கப்பட வேண்டும், வீடு நேரிற் பரிசோதிக்கப்பட வேண்டும்.

மூன்று: இந்தக் காவல் பதினெட்டு வயது நிரம்பும்வரை நீடிக்க வேண்டும்.

நான்கு: அனுமதிப்பத்திரம் பெற்றோரின் பெயரும், இழந்தோரின் பெயரும் எந்த நாட்டுப் பெற்றோரும் பார்க்கக்கூடிய பகிரங்கப் பதிவேட்டில் இருக்க வேண்டும். தரகு பெறுவோர் அதைப் பெற்றோருக்கு வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

ஐந்து: பிள்ளை தன் தாய்மொழியிலேயே, பாடசாலைக்கும் பாதுகாவலருக்கும் தெரியாமல், முறையிடக்கூடிய ஒரு வழி இருக்க வேண்டும், அவ்வழி அதற்கு வந்த முதல் நாளே காட்டிக்கொடுக்கப்பட வேண்டும்.

இவற்றில் எது நடைமுறைக்கு ஒவ்வாதது? எது புதியது? முதலிரண்டின் சாரமும் அந்நாட்டு விசாரணைக் குழுவே சொன்னது. ஏனையவை சாதாரண மனித அறிவு சொல்வது. நாய் வளர்ப்பாருக்குப் பதிவேடு திறக்க முடிந்த மன்றங்களுக்குப் பிள்ளை வளர்ப்பாருக்கு ஒரு பதிவேடு திறக்கக் காகிதம் இல்லாமற் போகுமா?

பிறநாட்டுப் பிள்ளைக்கு அங்கே வாக்குரிமை இல்லை. அதன் பெற்றோருக்கும் இல்லை. ஆகவேதான் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரும் அவர்களுக்காகத் தம் ஆசனத்தை இழக்கப்போவதில்லை. வாக்கில்லாதவன் குரல் எவ்வளவு எளிதாக மறக்கப்படும் என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனாலேயே இக்குரலை நாம் எழுப்புகிறோம். கட்டணம் வாங்கிய பாடசாலையும், வரி வாங்கிய அரசாங்கமும், தரகு வாங்கிய தரகரும் அவரவர் பங்கைப் பெற்றுவிட்டனர். பிள்ளையின் பங்கு இன்னும் கொடுபடவில்லை. அதைக் கொடுக்கும்வரை, பிரித்தானியக் கல்வியின் பெருமையை விளம்பரஞ் செய்யும் ஒவ்வொரு பத்திரத்தின் அடியிலும் ஒரு கேள்வி எழுதாமல் எழுதப்பட்டிருக்கும்: இன்றிரவு இந்தப் பிள்ளை யார் வீட்டில் உறங்குகிறது?